சிப்பர் வந்தபிறகு வெட்டின வேம்பு

ஆவணி மாசம் தொடங்கினால் சித்தப்பாவின் போன் ஓயாது. கனடா, லண்டன், பாரிஸ். கதை எல்லாம் ஒரே கதைதான். "தம்பி, எங்கட வளவு பத்தையாக் கிடக்காம். டெங்கு எண்டு நோட்டீஸ் ஒட்டப் போறாங்களாம். ஒருக்காப் போய்ப் பாத்துத் துப்பரவாக்கி விடு. காசை நான் போட்டு விடுறன்."

போய்ப் பார்த்தால் தொண்ணூறுகளில் பூட்டிவிட்டுப் போன நாலு பரப்புக் காணி. கிணற்றடியைச் சுற்றி இப்பிலிப்பில், வேலியோரம் கிளிசரியா, கூரை விழுந்த வீட்டுக்குள்ளே ஆள் உயரத்துக்கு ஆமணக்கு, நடுவளவில் யாரும் நடாமல் தானாக முளைத்து இப்போது இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற பருமனில் வேம்பு. எங்கட பக்கம் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இப்படி ஒன்றாவது இருக்கும். உங்கள் ஊரிலும் இருக்கும்.

முன்னமெல்லாம் இந்த வேலைக்கு நாலு பேர் வேண்டும், மூன்று நாள் வேண்டும். வெட்டுவது ஒரு நாள் வேலை. வெட்டின அலம்பலை என்ன செய்கிறது என்பதுதான் மிச்ச இரண்டு நாளும். ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினால் கொப்பு விரிந்து நின்று பெட்டி நிறைந்த மாதிரித் தெரியும், ஆனால் பாரமே இருக்காது. கொண்டுபோய்க் கொட்டவும் இடமில்லை. கடைசியில் ஒரு மூலையில் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றி, நெருப்பு வைத்துவிட்டு வருவோம். பச்சைக் கிளிசரியா எரிகிற புகையை மணந்தவர்களுக்குத் தெரியும்.

போன வருடம் சித்தப்பா பாவித்த சிப்பர் ஒன்று வாங்கினார். கொப்பை ஒரு பக்கத்தால் கொடுத்தால் மறுபக்கத்தால் சீவலாகத் துப்புகிற மெசின். லீவு நாட்களில் நானும் கூடப் போகிறேன். ஒரு வருடமாக அதோடு நின்றதில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் வந்திருக்கின்றன. சித்தப்பாவோடு அதைப் பற்றிக் கதைத்தால் "உனக்கென்ன, நீ படிச்சுப் போட்டுப் போயிடுவாய்" என்பார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெசினைப் பற்றி. தனி எஞ்சின் இல்லை. ட்ரக்டரின் பின்னால் கலப்பை மாட்டுகிற அதே இடத்தில் கொழுவுவது. ட்ரக்டரின் பின்பக்கத்தில் பி.ரி.ஓ என்று ஒரு தண்டு சுற்றுமே, வன்னியில் சூடடிக்கிற மெசினைச் சுற்றுவது, அதிலிருந்து ஒரு சாவ்ற் வந்து சிப்பருக்குள் இருக்கிற பாரமான சில்லைச் சுற்றும். சில்லில் கத்திகள். அதற்கு எதிரே அசையாத ஒரு இரும்பு விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் அகப்படுகிற கொப்பு துண்டு துண்டாகச் சீவப்பட்டு, சில்லு கிளப்புகிற காற்றிலேயே குழாயால் மேலே ஏறிப் பெட்டிக்குள் விழும். சில்லு ஏன் அவ்வளவு பாரம் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, தடித்த கொப்பு வரும்போது எஞ்சின் மட்டும் வெட்டுவதில்லை, ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கிற அந்தப் பாரத்தின் வேகமும் சேர்ந்துதான் வெட்டுகிறது. வேகம் இறங்க இறங்கச் சத்தம் மாறும். அந்த நேரம் உள்ளே இழுக்கிற உருளையை நிற்பாட்டி, சில்லு திரும்ப மூச்சுப் பிடிக்க விடவேண்டும். அந்தச் சத்தத்தைக் காதால் பிடிக்கிறதுதான் தொழில். மற்றதெல்லாம் தூக்கிக் கொடுக்கிறது.

எங்கட பழைய ட்ரக்டருக்கு ஐந்து அங்குலத்துக்கு மேல் சரிவராது. தென்னோலையும் பனைமட்டையும் கொடுத்தால் நார் சுற்றி அடைக்கும். மற்றபடி, அஞ்சாறு பெட்டி அலம்பல் ஒரு பெட்டிச் சீவலுக்குள் அடங்குவதைப் பார்க்க, சொல்லக்கூடாது, ஒரு சந்தோசம்தான். முதல் நாள் நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அதைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைத்தேன்.

எரிப்பதை விட இது நல்லது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆடி ஆவணியில் சோளகம் அடிக்கிற நேரம் நெருப்பு வைத்து, பக்கத்து வளவின் கிடுகு வேலி பற்றின கதை எங்கட ஊரிலேயே இருக்கு. முட்டு இருக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. வளவுக்குள் குப்பை எரித்தபோது மண்ணுக்குள் கிடந்த ஏதோ வெடித்தது என்ற செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சண்டை முடிந்தது 2009 இல். மண் அதை மறக்கவில்லை. (அதே காரணத்தால்தான் சித்தப்பா கண்ணிவெடி அகற்றி விடுவிக்காத பக்கம் எந்தக் காசுக்கும் ட்ரக்டரை இறக்கமாட்டார். அந்த விசயத்தில் அவரோடு எனக்குப் பிரச்சினை இல்லை.)

இதையெல்லாம் விட, எரிக்கும்போது நாங்கள் எரிப்பது எதை? வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே கொஞ்சத் தூரத்திலேயே சுண்ணாம்புக்கல். அந்த மண் எவ்வளவு தின்னக் கொடுத்தாலும் தின்னும். அதனால்தான் எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையாகக் குழை தாட்டார்கள். பூவரசங்குழை, வேப்பங்குழை, காவிளாய், பிறகு கிளிசரியா. புகையிலைத் தோட்டத்துக்கு வன்னியிலிருந்து குழை ஏற்றிக்கொண்டு வந்த கதையை அப்பப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு யூரியா வந்தது, குழை மறந்துபோச்சு. கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று ஏறினது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, அந்த வருடம் முடிய முதலே பின்வாங்கினார்களே, அந்த ஒரு போகத்தில் எங்கட தோட்டக்காரர் எல்லோரும் சேதனப் பசளைக்கு அலைந்தார்கள். அதே கிழமைகளில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கொப்புக் குவியல்கள் எரிந்துகொண்டிருந்தன. நான் அப்போது பள்ளிக்கூடம். இப்போது நினைக்கத்தான் சிரிப்பு வருகிறது.

ஆனால் சீவல் என்றால் உடனே பசளை என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் அந்தப் பிழையை விட்டோம். முதல் பெட்டிச் சீவலை அம்மம்மாவின் மிளகாய்த் தோட்டத்தில் கொட்டி, கொத்தி மண்ணோடு கலந்தும் விட்டோம். மூன்று கிழமையில் கன்றுகள் மஞ்சள். அம்மம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. விசயம் என்னவென்றால், மரத்தில் காபன் கூட, நைதரசன் குறைவு. அதை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்துதான் எடுக்கும். மிளகாய்க்கன்று பட்டினி. அதே சீவலை மண்ணோடு கலக்காமல், வாழைப்பாத்தியிலும் தென்னம்பாத்தியிலும் மேலால் பரப்பிவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. தண்ணி ஆவியாகிறது குறையும், புல் முளைக்கிறது குறையும், அடியிலிருந்து மெல்ல மெல்ல உக்கும். விரல் மொத்தக் கொப்பும் இலையும் கூடக் கலந்த சீவல் கெதியாக உக்கும், அடிமரச் சீவலுக்குக் காலம் எடுக்கும். கனடாவின் கியூபெக்கில், லவால் பல்கலைக்கழகத்தில், ஏழு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொப்புகளை மட்டும் சீவி மண்ணுக்குப் போடுவதை ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். எங்கட ஆக்கள் குழை என்று சொன்னதும் அந்த நுனிப்பகுதியைத்தான்.

இன்னொன்று, சீவலை மலைபோலக் குவித்து மாசக்கணக்கில் விடாதீர்கள். தென்னையின் குருத்தைத் துளைக்கிற கருவண்டு முட்டையிடுவது இப்படி உக்குகிற குவியல்களில்தான். ஏற்கனவே வெண்ணீ வந்து தென்னைகள் பட்ட பாடு போதும்.

இனி நான் உண்மையில் எழுத நினைத்த விசயத்துக்கு வருகிறேன்.

இந்த மெசின் ஆளைக் கொல்லும். பூச்சுக்குச் சொல்லவில்லை. பி.ரி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. செக்கனுக்கு ஒன்பது. நீங்கள் "ஐயோ" என்று சொல்லி முடிக்க முதல் அது பத்துத்தரம் சுற்றியிருக்கும். எங்கட பெடியள் வேலைக்கு வருவது சாரத்தோடு. சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார்கள், குனிந்து நிமிரும்போது அவிழும், அவிழ்ந்த தலைப்பு காற்றில் ஆடும். அதற்கு ஒரு முழத் தூரத்தில் தண்டு. தண்டுக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் உறை வரும். புது மெசினில் அது இருக்கும். நாங்கள் வாங்கினபோது எங்கட மெசினில் அது இல்லை. "கிறீஸ் அடிக்க இடைஞ்சல் எண்டு கழட்டிப்போட்டம்" என்று விற்றவர் சொன்னார். நாங்களும் ஓம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

பங்குனியில் ஒரு நாள், எங்களோடு வருகிற ஒரு பெடியன், பத்தொன்பது வயது, சாவ்றுக்கு மேலால் எட்டிக் கத்தியை எடுக்கப் போனான். சாரத்தின் நுனி பிடிபட்டது. அவன் அதிட்டம், சாரம் பழசு. கிழிந்து முழுவதுமாக அவனை விட்டுக் கழன்று போய்த் தண்டில் சுற்றிக்கொண்டது. அவன் காற்சட்டையோடு நின்றான். முதலில் எல்லோரும் சிரித்தோம். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, இறங்கி, போய் மதிலில் குந்திவிட்டார். சுற்றின சாரத்தை அறுத்து எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு இறுக்கம். அந்த அரை மணித்தியாலத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பெடியன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் உறை வாங்கிப் போட்டோம். விலை, நாங்கள் அந்த வேலைக்கு வாங்கின ஒரு நாள் காசு கூட இல்லை. இப்போது சாரத்தோடு வந்தால் வேலை இல்லை. கொப்பைக் கொடுக்கும்போது அடிப்பக்கத்தை முதலில் கொடுத்துவிட்டு, நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். இழுக்கிற வேகத்தில் நுனிக்கொப்பு சவுக்கு மாதிரி அடிக்கும். கையை வாய்க்குள் விடுகிற கதையே இல்லை. சின்னத் துண்டுகளை இன்னொரு நீளக் கொப்பால் தள்ள வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். அடைத்தால் எஞ்சினை நிற்பாட்டினால் மட்டும் போதாது. அந்தப் பாரமான சில்லு எஞ்சின் நின்ற பிறகும் தன்பாட்டுக்குச் சுற்றும், அது நிற்கும்வரை யாரும் மூடியைத் திறப்பதில்லை. இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தர ஆளிருக்கவில்லை. நாங்கள் யூரியூப்பில் பார்த்தும், ஒரு சாரத்தைக் கொடுத்தும் படித்தோம். நாட்கூலிக்கு வருகிற பெடியளுக்குக் காப்புறுதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாராவது இந்த மெசினை வாங்க யோசித்தால், கத்தியின் கூரைப் பார்க்க முதல் தண்டுக்கு உறை இருக்கா என்று பாருங்கள்.

கத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கட வேலிகள் கதியால் வேலிகள். கிளுவையும் கிளிசரியாவும் முள்முருக்கும் நட்டு, அதில் முள்ளுக்கம்பி அடித்தவை. முப்பது வருசத்தில் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே போனால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், நெஞ்சு நின்றுவிடும். கம்பி மட்டுமென்றால் பரவாயில்லை. ஒருநாள் பூநகரிப் பக்கம் ஒரு முதிரையின் கொப்பில் செல் துண்டு. சுண்டுவிரல் அளவு. மூன்று கத்தியும் பல்லுப்போயிற்று. இந்தப் பக்கத்து மரக்காலைக்காரர் சில ஊர் மரங்களை அரியத் தயங்குவது இதனால்தான். சித்தப்பா அந்தத் துண்டை ட்ரக்டரின் தட்டில் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி, வேம்புக்கு வருவம்.

நான் சொன்னேனே, முன்னம் வெட்டின கொப்பை அப்புறப்படுத்துவதுதான் பெரிய வேலை என்று. அந்தக் கரைச்சல் இவ்வளவு காலமும் மரங்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இது எனக்கு மெசின் வந்த பிறகுதான் விளங்கியது. முன்னம் காணிக்காரர் "எல்லாத்தையும் எடு" என்றால் சித்தப்பா சொல்லுவார்: "அண்ணை, அந்த வேம்பை விழுத்தினா அதை அள்ளிக்கொண்டு போகவே ரெண்டு நாள் செல்லும். காசு கூட. நிக்கட்டும், நிழலுக்கு நல்லது." காணிக்காரரும் சரி என்பார். இப்போது அந்த வாயால் அப்படிச் சொல்ல ஏலாது. அடிமரத்தைத் துண்டு போட்டு விறகுகாலைக்கு, கொப்பெல்லாம் சிப்பருக்கு, பின்னேரம் வளவு வெட்டை. மண் தெரியிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கேயிருந்து ஒரு கும்பிடு வரும்.

பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அது சட்டம். மற்ற மரத்துக்கு, அதுவும் மதிலுக்குள் நிற்கிறதுக்கு, வந்து "நில்" என்று சொல்ல ஆளில்லை. சித்திரையில் நாங்கள் வெட்டின ஒரு வேம்பைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி படலையடியில் நின்று கேட்டா: "தம்பி, உந்த மரத்தால ஆருக்கு என்ன கரைச்சல்? அதின்ர நிழல் என்ர முத்தத்துக்கும் வாறது." நான் "காணிக்காரர் சொன்னவர் ஆச்சி" என்றேன். ஆச்சி திரும்பிப் போனா. கொப்பெல்லாம் உள்ளே போய் முடிய நாற்பது நிமிடம். மரத்துக்கு என்னை விட வயது கூட.

அதோடு, எங்களுக்குப் பின்னால் வருகிற ஆக்கள் இருந்தார்கள். காணி துப்புரவாக்கிறார்கள் என்றால் அயலில் இருந்து இரண்டு மூன்று பொம்பிளைகள் வருவார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்க, விறகு பொறுக்க. 2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, பல வீடுகளில் விறகடுப்பு திரும்பி வந்தது, சில வீடுகளில் அது போகவேயில்லை. கையால் வெட்டுகிற காலத்தில் அவர்கள் ஆறுதலாக இருந்து பொறுக்குவார்கள். இப்போது மெசின் மணித்தியாலக் கணக்கில் டீசல் குடித்துக்கொண்டு நிற்கிறது, பொறுக்க விடச் சித்தப்பாவுக்கு நேரமில்லை. ஒரு அக்கா இரண்டு முறை வந்துவிட்டு இப்போது வருவதில்லை.

இதற்காக மெசினை வித்துப்போட்டுத் திரும்பக் கத்தி எடுப்போம் என்று சொல்ல நான் வரவில்லை. மூன்று நாள் வெயிலில் அலம்பல் இழுத்தவனுக்குத் தெரியும் அந்த அருமை. நான் சொல்கிறது, கூலி வாங்குகிற முறையை மாற்றலாம். பரப்புக்கு இவ்வளவு என்று பேசினால் எவ்வளவு கெதியாக வெட்டையாக்கிறோமோ அவ்வளவு லாபம். நாள் கணக்கில் பேசினால் அவசரம் குறையும். கைமொத்தத்துக்கு மேற்பட்டதை விறகாக ஒரு பக்கம் போடுவது, காலமை ஒரு மணித்தியாலம் குழை ஒடிக்கிற ஆக்களுக்கு விடுவது, இதெல்லாம் பேசும்போதே சேர்த்துப் பேசலாம். இன்னும் சொன்னால், இந்த மெசின் சித்தப்பா மாதிரித் தனி ஆளிடம் இருப்பதை விட ஒரு கமக்காரர் அமைப்பிடமோ பிரதேச சபையிடமோ இருக்க வேண்டியது. லைனுக்குக் கீழே வெட்டி ரோட்டோரம் போட்டுவிட்டுப் போகிற கொப்பு, புயலுக்கு முறிந்தது, கோயில் வீதியில் கூட்டினது என்று ஊருக்குள் வெட்டாமலே கிடக்கிற அலம்பல் எவ்வளவு? 2020 இல் புரெவி வந்துபோன அடுத்த நாள் ரோட்டெல்லாம் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அதைச் சீவவே ஒரு மெசினுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும், நிற்கிற மரத்தில் கை வைக்கத் தேவையில்லை. திருகோணமலையில் கிளிசரியாக் கொப்பை வாங்கி மின்சாரமே எடுக்கிறார்கள். நாங்கள் அதற்கு நெருப்பு வைத்துவிட்டு முட்டுக்கு மருந்து வாங்குகிறோம்.

சித்தப்பா இதில் பாதிக்கு ஓம் என்கிறார். மற்றப் பாதிக்கு "ஆர் காசு தாறது?" என்கிறார். அது நியாயமான கேள்வி.

போன கிழமை ஒரு புது அழைப்பு. இந்த முறை நான் போனை வாங்கி, வீடியோவைப் போட்டு வளவைச் சுற்றிக் காட்டினேன். "அண்ணை, இது இப்பிலிப்பில், இதை எடுக்கலாம். இது ஆமணக்கு. இது வேம்பு, நல்ல மரம். இதை விழுத்தாமல் வீட்டுக்கு மேலால வாற கொப்பை மட்டும் எடுத்துவிடவோ?" அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் பனி தெரிந்தது. "அது நான் இருக்கேக்க இல்லையே" என்றார். "சரி, அப்ப கொப்பை மட்டும் எடுங்கோ. அப்பிடியெண்டா காசு குறையும்தானே?"

கொப்பை மட்டும் எடுப்பதென்றால் மேலே ஏற ஆள் வேண்டும், கயிறு கட்டி இறக்க வேண்டும், விழுத்துகிறதை விட மினக்கேடு கூட. சித்தப்பா போனைத் திரும்ப வாங்கி அதைச் சொன்னார். அவர் மனிசியோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்றார்.

இன்னும் எடுக்கவில்லை.